மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி

மாங்கூழ் ஆலைக்கு மெஷின் பூட்டத்தான் போனேன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து
ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு.
எழுபது நாள். பாய்லர், பம்பு, வால்வு.
அங்கேயும் மாங்கொட்டையில் ஈ மொய்த்தது.

ஒரே ஒரு ஞாயிறு
கழிமுகத்துக்குக் கூட்டிப் போனார்கள்.
கடலைத் தொடும் முன் ஆறு
தயங்கித் தயங்கிப் படுத்திருக்கும் இடம்.
நாக்கில் வைத்தால் பாதி உப்பு.
காப்பிடமாம், உள்ளே போகச் சீட்டு;
வெளியூர்க்காரனுக்கு மூன்று மடங்கு.
அடிக்கட்டை இன்னும் பர்ஸில் இருக்கிறது.
அலையாத்தி வேர்களுக்கு நடுவே முதலை ஒன்று
வாயைத் திறந்து வைத்துவிட்டு மறந்திருந்தது.
தூரத்தில் பூநாரைகள்;
யாரோ துணி காயப் போட்டிருக்கிறார்கள் என்று
முதலில் நினைத்தேன்.

படகோட்டி பேர் சித்தோயே.
எழுந்து நிற்காதே என்று சைகை காட்டினான்.
தண்ணீருக்கு மேலே காதுகள் மட்டும்
சுழன்று சுழன்று துளி உதறின.
பிறகு மூக்கு.
பிறகு, பாறை என்று நினைத்ததெல்லாம் முதுகு.
"ம்ப்ஃபூவு" என்றான்.
நீர்யானை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்.
அந்தப் பேரை வைத்தவன்
யானையைப் பார்த்திருக்க மாட்டான்.

அந்த நேரம் பார்த்து இன்ஜின் இருமியது. நின்றது.
பதினாலு ஜோடிக் காதும் எங்கள் பக்கம் திரும்பின.
சித்தோயே முணுமுணுத்த சாமி யாரென்று தெரியாது,
அந்த இருமல் எனக்குத் தெரியும்.
சட்டையைக் கழற்றினேன்.
பில்டரைத் துடைத்து, ஊதி, மாட்டி முடிக்கும்வரை
படம் பிடிக்கத் திறந்த போன்
படகின் தரையில் கிடந்து
தன்பாட்டுக்குப் பதிவு செய்தது,
மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி.

இப்போது மார்கழி.
தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே
என் கொல்லைக்கும் லகுமம்மா கொல்லைக்கும் சேர்த்து
ஒரே பரண்.
அவள், அவள் மகன் சிவருத்ரன், நான்.
நொகனூர் காட்டில் இருபத்தாறு யானை என்று
வாட்ஸப்பில் வனத்துறை.
தூக்கம் வராமலிருக்க இந்தக் கதையைச் சொன்னேன்.

"கேவுரு தின்னுமா அது?"
"புல்லுதான். ராத்திரி கரையேறி
நாப்பது கிலோ மேயும். தெருவுக்கே வரும்.
தெருமுனையில முக்கோணப் பலகை,
அதுல அதோட படம்."
"பலகையோட சரியா? வெடி கிடையாதா?"
நான் பார்க்கவில்லை என்றேன்.
அவள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.
"அந்த ஊர்ல என்ன பயிரு வெக்கிறாங்க?"

எனக்குத் தெரியவில்லை.
எழுபது நாளில் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டரை மணிக்கு
ஈரச் சாக்கை யாரோ உதறுகிற சத்தம்.
காது.
அடுத்து, தாள் ஒடிகிற சத்தம், கதிரோடு.
வெடி பனியில் நமுத்திருந்தது.
மூன்று தீக்குச்சிக்கும் புகைதான்.
சிவருத்ரன் டார்ச்சைத் தேடித் தடவ,
லகுமம்மா என் போனைப் பிடுங்கி
மாரியம்மன் பண்டிகைக்கு வாங்கிய ஸ்பீக்கரில் மாட்டி
கடைசி வரை திருகினாள்.

கொல்லை முழுக்க நீர்யானை உறுமியது,
அடிவயிற்றிலிருந்து,
காலி டிரம்மைப் படியில் உருட்டுவது போல,
கொஞ்சம் சிரிப்பது போலவும்.

தாள் ஒடிவது நின்றது.
தேய்பிறை வெளிச்சத்தில் எண்ணினேன், ஆறு.
கடல் பார்க்காத ஆறு யானை.
ஓடவில்லை. கேட்டுக்கொண்டு நின்றன.
குட்டி மட்டும் சத்தம் வந்த பக்கம் இரண்டடி வைத்தது;
ஒரு தும்பிக்கை நீண்டு அதை மறித்தது.

ஸ்பீக்கரில் உப்புத்தண்ணீர் சலசலத்தது.
மீன்கழுகு ஒன்று கூவியது.
இன்ஜின் இருமி நின்றது.
பிறகு என் குரல்,
திருவிழாவில் தொலைந்த பிள்ளையை அறிவிப்பது போல
ஊருக்கே கேட்கும்படி, தமிழில்:

"பயப்படாதப்பா, ஒண்ணுமில்ல.
பில்டர்ல மண்ணு."

அப்போதுதான் அவை ஓடின.